அரை மில்லிமீட்டர் கையிருப்பு

ஸ்பிரிங்வெளி, பசறை, ஹாலிஎல என்று பதுளையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஒருவர் ‘கண்ணுக்கு லேசர் செய்துகொண்டார்’ என்று கேள்விப்பட்டால், அது மூன்று வேறு காரியங்களில் எதுவாகவும் இருக்கலாம். வயதானவரின் கண்வில்லை மங்கி வெள்ளை விழுந்ததும், அதை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைப்பார்கள். மக்கள் அதையும் லேசர் என்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் அங்கே வேலை செய்வது, மங்கிய வில்லையை உடைத்து உறிஞ்சும் மீயொலிக் கருவிதான். நீரிழிவால் விழித்திரையில் கசியும் இரத்தக் குழாய்களைச் சுட்டு அடக்குவது இரண்டாவது. அது உண்மையிலேயே லேசர். இந்த இரண்டும் நோய்க்குச் செய்யும் சிகிச்சை. தள்ளிப்போட்டால் பார்வைக்குக் கேடு. மூன்றாவது, கண்ணாடி போட்டால் நன்றாகத் தெரிகிற கண்ணில், அந்தக் கண்ணாடி வேண்டாம் என்பதற்காகச் செய்வது. இதை ஒரு வருடம் தள்ளிப்போட்டாலும் பத்து வருடம் தள்ளிப்போட்டாலும் கண்ணுக்கு எந்த நட்டமும் இல்லை. முதல் இரண்டிலும் வைத்தியரிடம் கேட்க வேண்டியது ‘எப்போது’ என்று. மூன்றாவதில் கேட்க வேண்டியது ‘எனக்கு இது வேண்டுமா’ என்று. ஒரே பெயர் மூன்றுக்கும் ஒட்டிக்கொண்டதால், அந்தக் கேள்வியைக் கேட்காமலேயே பலர் பணத்தைத் திரட்டத் தொடங்கிவிடுகிறார்கள்.

இந்த மூன்றாவது லேசரின் பிறப்பில் ஒரு சென்னைக்காரரின் கை இருக்கிறது. 1929இல் சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்து அமெரிக்கா போனவர் ரங்கசாமி ஸ்ரீனிவாசன். நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் என்ற இருவரோடு அவர் எக்சைமர் என்ற வகை லேசரை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1981 நவம்பரில், பண்டிகை விருந்தில் மிஞ்சிய வான்கோழியின் எலும்பையும் குருத்தெலும்பையும் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய் அந்தக் கதிரின் கீழ் வைத்தார். வேறு லேசர் பட்ட இடம் கருகிப்போயிருந்தது. 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதாக் கதிர் பட்ட இடத்தில் கருகலே இல்லை. கூர்மையான சிறு பள்ளம் மட்டும் இருந்தது. அந்தக் கதிர் திசுவைச் சூடாக்கி எரிப்பதற்கு முன்பே, மூலக்கூறுகளைக் கட்டியிருக்கும் பிணைப்புகளை அறுத்து அவற்றை ஆவியாய்ப் பறக்கவிட்டுவிடுகிறது. ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ கால் மைக்ரோன், அதாவது ஒரு மில்லிமீட்டரை நாலாயிரமாய்ப் பிரித்தால் வரும் ஒரு பங்கு மட்டுமே போகும். 1983இல் கொலம்பியா பல்கலைக்கழகக் கண் வைத்தியர் ஸ்டீவன் ட்ரோக்கல், ஸ்ரீனிவாசனோடு சேர்ந்து விலங்குக் கண்ணில் இதைச் செய்து காட்டினார். 1995இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பார்வைத் திருத்தத்துக்கு இந்த லேசரை அனுமதித்தது. இன்று அந்தக் கருவி கண் அசைந்தால் தானும் தொடர்ந்து அசைந்து, சில பத்து விநாடிகளில் வேலையை முடித்துவிடுகிறது. செதுக்கும் துல்லியத்தைப் பொறுத்தவரை பயப்பட அதிகம் இல்லை. தவறு நேர்ந்தால் அது பெரும்பாலும் எந்தக் கண்ணில் செதுக்குவது என்று தேர்ந்தெடுத்ததில் நேர்ந்ததாகத்தான் இருக்கும்.

காரணம் எளிது. லேசர் செதுக்குவது விழிவெண்படலத்தை. தமிழ்நாட்டில் கருவிழி என்று சொல்லும், கண்ணின் முன்புறத்துக் கண்ணாடிச் சில்லு. அது நடுவில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிப்புத்தான், பலருக்கு 520 முதல் 550 மைக்ரோன். கண் ஒளியை வளைக்கும் சக்தியில் மூன்றில் இரண்டு பங்கு இந்த மெல்லிய சில்லின் வளைவிலிருந்துதான் வருகிறது. குறும்பார்வை உள்ளவரின் கண் நீண்டுபோயிருப்பதால் தூரத்துப் பொருளின் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுகிறது. சில்லின் நடுவை லேசாகத் தட்டையாக்கினால் பிம்பம் பின்னுக்குப் போய்ச் சரியாக விழும். ஒரு டயோப்டர் பவரைக் குறைக்க ஏறத்தாழ 12 முதல் 16 மைக்ரோன் திசு போக வேண்டும். லாசிக் முறையில் அதற்கு முன்பு, மேலே நூறு, நூற்றுப்பத்து மைக்ரோன் தடிப்பில் ஒரு மடலை வெட்டித் திறந்து, உள்ளே செதுக்கிய பின் மூடுகிறார்கள். மடல் ஒட்டிக்கொள்ளும், ஆனால் பழைய பலம் அதற்குத் திரும்பாது. ஆகவே கணக்கு இப்படி வருகிறது. 540 மைக்ரோன் தடிப்பும் மைனஸ் மூன்று பவரும் உள்ளவருக்கு மடலுக்கு 110, செதுக்க ஏறத்தாழ 42 போனால், அடியில் 388 மிஞ்சும். 490 தடிப்பும் மைனஸ் எட்டும் உள்ளவருக்கு அதே மடலும் 112 மைக்ரோன் செதுக்கலும் போனால் மிஞ்சுவது 268. குறைந்தது 250 மிஞ்ச வேண்டும் என்பது பழைய விதி. மொத்தத் தடிப்பில் 40 சதவீதத்துக்கு மேல் தொட்டால் ஆபத்துக் கூடும் என்பது பிந்திய ஆய்வு. இரண்டாமவர் பழைய விதியில் மயிரிழையில் தேறி, புதிய கணக்கில் தோற்கிறார். போன திசு மறுபடி வளராது. கண்ணாடியைக் கழற்றுவதற்கு நாம் கொடுக்கும் விலை, கிளினிக்கில் கட்டும் பணத்தோடு இந்த மைக்ரோன்களும்தான்.

ஆனால் தடிப்பை அளந்தால் மட்டும் போதாது. வடிவத்தையும் அளக்க வேண்டும். சிலருக்கு இந்தச் சில்லு இளவயதில் மெல்ல மெல்ல இளகி, கூம்பு போல முன்னுக்குத் தள்ளிக்கொண்டு வரும். கெரட்டோகோனஸ் என்பது அதன் பெயர். தொடக்கத்தில் வெறும் சிலிண்டர் பவர் கூடுவதாகத்தான் தெரியும். அந்தக் கண்ணில் போய்ச் செதுக்கினால், பலவீனமான சுவரை மேலும் தோண்டியது போலாகும். பார்வை கலங்கி, கண்ணாடியாலும் திருத்த முடியாத நிலைக்குப் போகலாம். நம் மக்களுக்கு இது தனியாகச் சொல்ல வேண்டிய எச்சரிக்கை. இங்கிலாந்தின் லெஸ்டர் பகுதியில் நடந்து 2000இல் வெளியான ஆய்வில், தெற்காசிய வம்சாவளியினரிடம் இந்த நோய் வெள்ளையரிடம் இருப்பதைப் போல நான்கு மடங்குக்கு மேல் காணப்பட்டது. ஒவ்வாமையால் கண்ணை ஓயாமல் கசக்கும் பழக்கமும் இதனோடு சேர்ந்து வருகிறது. ஆகவே சில்லின் முன்புறம், பின்புறம் இரண்டின் மேடுபள்ளங்களையும் வரைபடமாகக் காட்டும் கருவியின் முன்னால் உட்காராமல், பவரையும் தடிப்பையும் மட்டும் பார்த்து நாள் குறிக்கும் இடத்தை நம்பக்கூடாது. தொடர்ந்து கெட்டுப்போகும் கூம்புக் கண்ணுக்குக் கடைசி வழி, இறந்த ஒருவர் தானமாகத் தந்த சில்லைப் பொருத்துவது. 1961இல் வைத்தியர் ஹட்சன் சில்வா தொடங்கிய கண்தான சங்கத்தின் வழியே, இந்தச் சின்னத் தீவு உலகின் பல நாடுகளுக்கு ஆயிரமாயிரமாய் விழிவெண்படலங்களை அனுப்பியிருக்கிறது. பிறர் கண்ணுக்கு அவ்வளவு மதிப்புக் கொடுத்த நாட்டில், நம்முடைய சொந்தச் சில்லை ஒரு வரைபடம் கூட எடுக்காமல் செலவழிப்பது மனதை உறுத்துகிறது.

‘எத்தனையோ பேர் செய்துகொண்டார்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லையே’ என்பார்கள். அதில் உண்மை நிறையவே இருக்கிறது. லாசிக் செய்துகொண்டவர்களிடமே கேள்வித்தாள் கொடுத்து அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் நடத்திய ஆய்வில், 95 சதவீதத்துக்கு மேற்பட்டோர் தங்கள் பார்வை திருப்தி என்றார்கள். பார்வைத் தொந்தரவுகளால் அன்றாட வேலையே பெரும்பாடாகிவிட்டது என்றவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. முன்பு எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களில் 46 சதவீதம் வரையானோர், மூன்று மாதம் கழித்து விளக்கைச் சுற்றி வளையம், ஒளிச்சிதறல், இரட்டை நிழல் போன்ற ஏதோவொன்று புதிதாகத் தெரிகிறது என்றார்கள். கண் வறட்சியே இல்லாதவர்களில் 30 சதவீதம் வரையானோருக்கு அது வந்திருந்தது. திருப்தியும் தொந்தரவும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்க முடியும் என்பதைத்தான் இந்த எண்கள் காட்டுகின்றன. மடலை வெட்டும்போது சில்லின் மெல்லிய நரம்புகளும் அறுபடுவதால் கண்ணீர் சுரக்கச் சொல்லும் செய்தி குறைகிறது. பலருக்கு மாதங்களில் சரியாகிவிடும், சிலருக்கு ஆகாது. குளிரூட்டிய அலுவலகத்தில் இருப்பவருக்கு இது கண்மருந்துச் சொட்டோடு போகும் சங்கடம். தேயிலைத் தொழிற்சாலையில் உலர்த்தும் இயந்திரத்தின் சூட்டிலும், சலிக்கும் அறையில் பறக்கும் பஞ்சுத் தூசியிலும் நாளெல்லாம் நிற்பவருக்கும், லயத்தில் விறகடுப்புப் புகையில் சமைப்பவருக்கும் அதே வறட்சி வேறு அளவில் வந்து சேரும். ஆய்வின் சராசரி மனிதர் இந்தப் புகையில் நிற்கவில்லை.

வயதையும் சேர்த்து எண்ண வேண்டும். தோட்டத்து வேலையில் இது நேரே கொழுந்துக் கூடையைத் தொடும் விஷயம். நாற்பது கடந்தால் கண்ணின் உள்வில்லை இறுகி, அருகில் பார்க்கும் திறன் எல்லோருக்கும் குறையும். லேசர் அதை நிறுத்தாது. ஆனால் மைனஸ் இரண்டு, இரண்டரை உள்ளவர் அந்த வயதிலும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஊசியில் நூல் கோக்கலாம். குறும்பார்வை அவருக்குத் தந்திருக்கும் சலுகை அது. முப்பதில் அதை லேசரால் அழித்துவிட்டால், நாற்பத்தைந்தில் இரண்டு இலையும் ஒரு மொட்டும் தெரிய அவருக்கு வேறொரு கண்ணாடி வேண்டும். அந்தக் கண்ணாடியின் பெறுமதியை அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் அளந்து பார்த்திருக்கிறார்கள். நாற்பது வயது கடந்த 751 தொழிலாளரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், கிட்டப் பார்க்கும் கண்ணாடி பெற்றவர்கள் பெறாதவர்களைவிட ஏறத்தாழ 22 சதவீதம் கூடுதலாக வேலை செய்தார்கள். ஐம்பது கடந்தவர்களிடம் அது 30 சதவீதத்தைத் தாண்டியது. ஊவா மலைகளிலும் நிரை பிடித்து நிற்கும் அம்மாமாரில் எத்தனையோ பேர் மங்கலான மொட்டைத் தடவித் தடவிக் கிள்ளுகிறார்கள். கண்ணுக்காகச் செலவிட ஒரு குடும்பத்திடம் பணம் இருந்தால், மகனின் லேசருக்கு முன்னால் தாயின் கண்ணாடி என்பதே என் முடிவு. சிறு செலவில் அவ்வளவு பெரிய பலன் தரும் கருவி கண் மருத்துவத்தில் வேறில்லை.

அப்படியானால் லேசர் வசதியானவர்களின் ஆடம்பரம், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது எதற்கு என்று கேட்பவர்களோடு நான் உடன்படவில்லை. மழையும் மூடுபனியும் மாறி மாறி வரும் மலையில் கண்ணாடி நாளுக்குப் பத்துத் தடவை மறைக்கும். வழுக்கும் பாதையில் அது ஆபத்தும்கூட. கண்ணாடி உடைந்தால் பதுளைக்குப் போய் வரும் வரை மைனஸ் ஏழு உள்ளவருக்கு வீட்டுப் படி கூடச் சரியாகத் தெரியாது. கண்ணாடிக்குப் பதில் ஒட்டுவில்லை போடலாமே என்றால், அதற்குச் சுத்தமான நீரும் கைகழுவும் ஒழுங்கும் தினமும் வேண்டும். பகலில் மட்டும் மென்வில்லை அணிவோரிடமே ஆண்டுக்குப் பத்தாயிரத்தில் இரண்டு முதல் நான்கு பேருக்குக் கிருமித் தொற்றால் சில்லில் புண் வருகிறது. அதோடே உறங்குவோரிடம் அது இருபது பேரளவில். ஊற்றுநீரைக் குழாயில் இறக்கிப் பொதுவில் பிடிக்கும் லயங்களில் ஒட்டுவில்லையை லேசரைவிடப் பாதுகாப்பானது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. ஆகவே 21 வயது தாண்டி, ஒரு வருடமாகப் பவர் மாறாமல், சில்லு தடிப்பும் ஒழுங்கும் உள்ளதாய், வறட்சி இல்லாததாய் இருக்கும் கண்ணுக்கு லேசர் நியாயமான தேர்வுதான். அடிபடக்கூடிய வேலைக்குப் போகிறவர், பிற்காலத்திலும் விலகக்கூடிய மடல் இல்லாத பி.ஆர்.கே. முறையைக் கேட்கலாம், முதல் சில நாள் வலி அதற்கு உண்டு. கல்யாணத்துக்காகப் பெண்ணின் கண்ணாடியைக் கழற்றச் சொல்லும் வீட்டாரிடம் மட்டும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது: இருபது வயதில் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும் பவரை இன்று செதுக்கினால், பிறகும் அது ஏறும்போது மறுபடி யார் செதுக்குவார்கள், எந்தத் திசுவிலிருந்து?

தூரத்தையும் செலவில் சேர்க்க வேண்டும். இந்த லேசர் பெரும்பாலும் கொழும்பில் தனியார் இடங்களில்தான் கிடைக்கிறது. மதுரைக்கும் சென்னைக்கும் போகிறவர்களும் உண்டு. அறுவை கால்மணி நேரத்தில் முடிந்தாலும், மறுநாள், ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம் என்று கண்ணைக் காட்டியாக வேண்டும். மடல் சுருங்கினாலோ தொற்று வந்தாலோ மணிக்கணக்கில் கவனிக்க வேண்டிய நிலை. மண்சரிந்து பாதை அடைபடும் மழைமாதத்தில் ஸ்பிரிங்வெளியிலிருந்து இறங்கிப் பதுளைக்கு வருவதே பாடாகிவிடும். அங்கிருந்து கொழும்புக்கு ஓர் இரவுப் பயணம். ஆகவே மழையில்லாத மாதமாய்ப் பார்த்து, முதல் வாரம் அறுவை நடந்த ஊரிலேயே தங்க இடமும், அதன் பிறகு கண் சிவந்தால் அன்றே பார்க்கப் பதுளையில் ஒரு கண் வைத்தியரும் உறுதியான பிறகே பணம் கட்டுவது நல்லது. இந்த ஏற்பாடு இல்லாதவர், எல்லா அளவும் பொருந்தினாலும், காத்திருக்கலாம்.

செய்துகொண்டவருக்கு இன்னொரு பொறுப்பு ஆயுள் முழுக்க இருக்கிறது. கண் நீண்டது நீண்டபடிதான் இருக்கும். விழித்திரை கிழியும் ஆபத்து குறும்பார்வையோடு வந்தது, கண்ணாடியோடு போய்விடாது. மெலிந்த சில்லில் கண் அழுத்தத்தை அளந்தால் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். குளுக்கோமா அப்படி ஒளிந்துகொள்ளலாம். முப்பது வருடம் கழித்து வெள்ளை விழுந்து வில்லை மாற்றும் நாளில், புதிய வில்லையின் பவரைக் கணக்கிடும் வழக்கமான சூத்திரம் செதுக்கிய கண்ணில் பிழைக்கும். லேசருக்கு முன்னிருந்த வளைவு, பவர், தடிப்பு, எவ்வளவு செதுக்கப்பட்டது என்ற எண்கள் அப்போது கையில் இருந்தால் அந்தப் பிழையைக் குறைக்கலாம். அறுவை செய்த இடம் அன்று இருக்குமோ இருக்காதோ. அதனால் வீடு திரும்பும்போதே அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, கிளினிக் கொப்பியில் ஒரு பிரதி ஒட்டி, அசலைப் பிறப்புப் பத்திரம் இருக்கும் பெட்டியில் வைத்துவிட வேண்டும்.