நர்சிங் பட்டம் கடல் தாண்ட ஆகும் செலவு

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75%, தமிழ்நாட்டின் சராசரி 80.09%. மாவட்டத்தின் மேற்கே புதுக்கடை, கருங்கல், மார்த்தாண்டம் வட்டாரத்தில் அந்தப் படிப்பின் ஒரு பங்கு நர்சிங்காகி விமானம் ஏறுகிறது. ஆனால் 4 ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு பிரிட்டனில் ஒரு நாள்கூட நர்சாக வேலை பார்க்க முடியாது. அந்த இடைவெளியின் விலையே இந்தக் கணக்கு. கட்டணங்கள் 2024 அளவிலானவை. 1 பவுண்டு 105 ரூபாய் எனக் கொள்ளப்பட்டுள்ளது.

பிரிட்டனின் நர்சிங் கவுன்சிலில் பதிய நான்கு கட்டணங்கள் கட்ட வேண்டும்: தகுதி மதிப்பீடு 140 பவுண்டு, கணினித் தேர்வு 83, ஆஸ்கி எனும் செய்முறைத் தேர்வு 794, பதிவு 153. மொத்தம் 1,170 பவுண்டு, அதாவது 1,22,850 ரூபாய். இதில் தேர்வுகளின் பங்கு மட்டும் 877 பவுண்டு, 75%.

இந்தத் தொகையின் கனம் சம்பளத்தைப் பொறுத்தது. பிரிட்டன் அரசு மருத்துவமனையில் 2024–25 தொடக்கச் சம்பளம் ஆண்டுக்கு 29,970 பவுண்டு, பிடித்தம் போகாமல் மாதம் 2,497. அங்கே 1,170 பவுண்டு அரை மாதச் சம்பளத்துக்கும் குறைவு. இங்கே 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனைகளுக்கு மத்திய அரசின் குழு 2016-ல் பரிந்துரைத்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 20,000 ரூபாய். அதன்படி அதே தொகை 6 மாதச் சம்பளம்.

எல்லாவற்றையும் ஊரிலிருந்தே கட்ட வேண்டியதில்லை. ஆஸ்கியும் பதிவும் சேர்ந்த 947 பவுண்டு, அதாவது 81%, பெரும்பாலும் அங்கே போன பிறகு வரும் செலவு. வேலை தரும் மருத்துவமனையே அதை ஏற்பதும் உண்டு. புறப்படும் முன் ஆவது 223 பவுண்டு, 23,415 ரூபாய். ஐஇஎல்டிஎஸ் எனும் ஆங்கிலத் தேர்வின் கட்டணம் சுமார் 17,000 சேர்த்தால் 40,415.

ஐஇஎல்டிஎஸ்ஸில் வாசித்தல், கேட்டல், பேசுதல் மூன்றிலும் 7 வேண்டும். எழுத்தில் 2018 டிசம்பர் வரை 7, அதன்பின் 6.5. எழுத்தில் 6 வாங்கியவருக்கு அரைப் புள்ளி குறைகிறது. முழுத் தேர்வையும் மீண்டும் எழுதினால் இன்னொரு 17,000, மேற்கண்ட 20,000 ரூபாய் மாதச் சம்பளத்தில் 85%.

ஏஜென்சிக் கட்டணத்துக்கு இந்திய அரசின் உச்சவரம்பு 30,000 ரூபாய். 18% ஜிஎஸ்டியுடன் 35,400. வரம்பு மீறினால் தொகை எவ்வளவு ஏறும் என்பதற்கு 2015-ன் குவைத் வழக்கு சான்று: அப்போது 19,500 ரூபாய் வாங்க வேண்டிய ஏஜென்சி, ஒரு நர்சிடம் 19.5 லட்சம் வாங்கியதாக சிபிஐ குற்றம்சாட்டியது. நூறு மடங்கு. அந்த ஆண்டே வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு நர்ஸ்களை அரசு நிறுவனங்கள் வழியே அனுப்ப உத்தரவானது. தமிழ்நாட்டின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில், புதுக்கடையிலிருந்து சுமார் 700 கி.மீ. கேரள அரசின் அத்தகைய நிறுவனமான நோர்க்கா ரூட்ஸ் திருவனந்தபுரத்தில், 50 கி.மீ.க்குள்.

ஒரு நாட்டில் பெற்ற பதிவு இன்னொரு நாட்டில் செலவைக் குறைக்கலாம். ஆஸ்திரேலியாவில் ஆஸ்கி கட்டணம் 4,000 ஆஸ்திரேலிய டாலர். 2025 முதல், பிரிட்டன் போன்ற நாடுகளில் பதிவு பெற்று 1,800 மணி நேரம் வேலை பார்த்தவர்களுக்கு அந்தத் தேர்வு இல்லாத விரைவு வழி திறந்துள்ளது. வாரம் 37.5 மணி என்றால் 48 வாரம்.

வாய்ப்போ சுருங்குகிறது. வெளிநாட்டில் படித்து பிரிட்டனில் புதிதாகப் பதிந்தோர் 2023–24-ல் 29,628, 2024–25-ல் 20,671. சரிவு 30%. வேலை கிடைக்காமல் போனால், ஏஜென்சி இல்லாமல் முறையான வழியில் முயன்றவர் இழப்பது ஏறத்தாழ 40,000 ரூபாய், 2 மாதச் சம்பளம். ஏஜென்சிக்கு 5 லட்சம் கடன் வாங்கிக் கொடுத்தவருக்கு, வட்டி சேர்க்காமலே, 25 மாதச் சம்பளம்.