உங்களுக்குத் தெரியுமா? வலிமை தருவதாக விற்ற கைப்பட்டை

2010 வாக்கில் கூடைப்பந்து நட்சத்திரம் ஷகீல் ஓ'நீல் விளம்பரப்படுத்திய சிலிகான் கைப்பட்டை, பவர் பேலன்ஸ். அதில் பதித்த ஹோலோகிராம் வில்லை உடலின் ‘ஆற்றல் ஓட்டத்தோடு’ இசைந்து வலிமையையும் சமநிலையையும் கூட்டும் என்றது கலிஃபோர்னிய நிறுவனம். விலை சுமார் 30 டாலர்.

விற்பனையாளர் செய்துகாட்டும் சோதனைதான் பலரையும் நம்பவைத்தது. ஒற்றைக் காலில் நின்று கையை நீட்டச் சொல்வார். கையைக் கீழே அழுத்தியதும் ஆள் சாய்வார். பட்டையை மாட்டியபின் அழுத்தினால் அசையமாட்டார்! உண்மையில் மாறுவது அழுத்தும் திசை. முதலில் உடலைவிட்டு விலகி வெளிப்பக்கமாக அழுத்துவார். அடுத்து, ஊன்றிய காலை நோக்கி. திசை கொஞ்சம் மாறினாலே போதும், பார்ப்பவர் கண்ணுக்குப் புலப்படாது. இரண்டாம் முறை உடலும் எதிர்பார்த்துத் தயாராக இருக்கும்.

விஸ்கான்சின்-லா கிராஸ் பல்கலைக்கழகம் 42 கல்லூரி வீரர்களிடம் அசல் பட்டையையும் போலிப் பட்டையையும் சோதித்தது. இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. எதை அணிந்திருந்தாலும், சமநிலைச் சோதனையில் இரண்டாம் முயற்சியே மேலாக இருந்தது. வெறும் பழக்கத்தின் பலன்!

ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் தலையிட்ட பின், தன் கூற்றுகளுக்கு நம்பத்தக்க அறிவியல் ஆதாரம் இல்லை என்று 2010 டிசம்பரில் அந்நிறுவனத்தின் ஆஸ்திரேலியக் கிளை எழுத்துபூர்வமாக ஒப்புக்கொண்டு, பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. 2011 நவம்பரில் தாய் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. அப்போதும் சாக்ரமென்டோ கிங்ஸ் அணியின் விளையாட்டரங்கம் ‘பவர் பேலன்ஸ் பெவிலியன்’ என்றே அழைக்கப்பட்டுவந்தது.