மாவு பிசையும் பிஞ்சுக் கைகள்

பொருளியல் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் ரொட்டிக்காரரைத் தவிர்க்க முடியாது. ரொட்டி நம் வீட்டுக்கு வருவது அவரது தயவால் அன்று, அவர் தம் நலனை நாடி உழைப்பதால்தான் என்று ஆடம் ஸ்மித் 1776-இல் விளக்கினார். அதைப் பல்லாண்டுகள் வகுப்பில் நடத்திய நான், பணி ஓய்வுக்குப் பின் பேரக்குழந்தைகளுடன் வீட்டிலேயே ரொட்டி சுடுகிறேன். பொருளுக்கான செலவோடு மூன்று மணி நேர உழைப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால் கடை ரொட்டியே மலிவு. ஆயினும், சிறு பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இதைப் பரிந்துரைக்கிறேன். காரணம், அந்த மூன்று மணி நேரமே.

செய்முறை எளிது. அரை கிலோ மைதா, ஏறத்தாழ 300 மி.லி. வெதுவெதுப்பான நீர், 7 கிராம் உலர் ஈஸ்ட், இரண்டு தேக்கரண்டி சர்க்கரை, ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, சிறிது எண்ணெய் போதும். கோதுமை மாவையும் கலந்தால் நீர் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படும். ஐந்து வயதுக் குழந்தை அளந்து கொட்டும். எட்டு வயதுக் குழந்தை பத்து நிமிடம் பிசையும். பச்சை மாவைச் சுவைக்க விடக்கூடாது. அடுப்புப் பக்கத்து வேலை முழுவதும் பெரியவர்களுடையது.

ஈஸ்ட் ஓர் உயிர் என்பதைக் குழந்தைகள் வியப்புடன் கேட்கிறார்கள். சர்க்கரை கலந்த வெந்நீரில் அது பத்து நிமிடங்களில் நுரைத்து எழும். நீர் கொதிக்கும் சூட்டில் இருந்தால் இறந்துவிடும். அது வெளியிடும் கரியமில வாயுவை, பிசைவதால் உருவாகும் குளூட்டன் வலை பிடித்து வைத்துக்கொள்ள, மாவு உப்புகிறது. நம் இட்லி மாவு இரவில் பொங்குவதும் இதன் உறவுதான். அங்கே அந்த வேலையைப் பெரிதும் பாக்டீரியாக்கள் செய்கின்றன. கோடையில் ஒரு மணி நேரத்துக்குள் இருமடங்காகும் மாவு, மார்கழிக் குளிரில் இன்னும் வெகுநேரம் எடுக்கும். எவ்வளவு அவசரப்பட்டாலும் அது தன் நேரத்தில்தான் எழும். கேட்ட பொருள் சில நிமிடங்களில் வாசலுக்கு வந்துவிடும் காலத்தில் வளரும் பிள்ளைகளுக்கு இது புதிய அனுபவம். பிறகு 200 டிகிரி செல்சியஸில் முப்பது முதல் முப்பத்தைந்து நிமிடம் சுட்டால் ரொட்டி தயார்.

இதனினும் முக்கியமான பாடம் ஒன்று உண்டு. கடையில் வாங்கும் ரொட்டி நாட்டின் மொத்த உற்பத்தியில் சேரும். வீட்டில் சுடுவது சேராது. ஒருவர் தம் வீட்டுப் பணிப்பெண்ணை மணந்துகொண்டால், அதே வேலை தொடர்ந்து நடந்தாலும் நாட்டு வருமானம் குறைந்துவிடும் என்ற முரணைப் பொருளியல் அறிஞர் பிகு 1920-இல் சுட்டிக்காட்டினார். கூலி கொடுத்துப் பிறரைக் கொண்டு செய்விக்கக்கூடிய எந்த வேலையும், வீட்டார் செய்தாலும் உற்பத்தியே என்று மார்கரெட் ரீட் 1934-இல் வாதிட்டார். ஆனாலும் நம் கணக்கேடுகள் பெரிதாக மாறிவிடவில்லை.

2019-இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டனர். இந்த ஏற்றத்தாழ்வைப் பிள்ளைகள் பாடநூலில் அறிவதற்கு முன்பே வீட்டில் பார்த்துப் பழகிவிடுகின்றனர். தட்டில் இட்லி வந்து விழும். ஊறவைத்ததும் அரைத்ததும் கண்ணில் படுவதில்லை. கை வலிக்கப் பிசைந்த குழந்தையோ, "பாட்டி தினமும் இப்படித்தான் மாவு பிசைகிறாளா?" என்று கேட்கிறது. உழைப்பின் மதிப்பைப் பற்றிய எனது விரிவுரைகள் எதுவும் இவ்வளவு விரைவாக ஒரு மாணவரிடமிருந்து இக்கேள்வியை எழுப்பியதில்லை.

ஆகவே பெற்றோருக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் ஒரு வேண்டுகோள். விடுமுறை நாளொன்றில் மகள்களோடு மகன்களையும் சமையலறைக்கு அழையுங்கள். முதல் ரொட்டி கல்லாகிப் போனாலும் பாதகமில்லை. தாங்கள் சுட்டது என்பதற்காகவே பிள்ளைகள் அதை உண்பார்கள். ரொட்டி வெந்துகொண்டிருக்கும் அரை மணி நேரத்தில் மேடையைத் துடைப்பதையும், மாவு ஒட்டிய பாத்திரங்களைக் கழுவுவதையும் அவர்களிடமே விடுங்கள். அதுவும் சேர்ந்ததுதான் ஒரு ரொட்டியின் விலை.