டப்பாவில் அச்சிட்ட வேகம்

வீட்டிலுள்ள கணினிகளும் கைபேசிகளும் தத்தம் படங்களையும் பத்திரங்களையும் ஓரிடத்தில் சேர்த்துவைத்து வேண்டியபோது எடுத்துக்கொள்ளும்பொருட்டு, இரண்டோ நான்கோ ஹார்டு டிஸ்க்குகளை வயிற்றில் அடக்கிக்கொண்டு, ரௌட்டரோடு கேபிளால் உறவு பூண்டு, மூலையில் ஓயாது முனகிக்கொண்டிருக்கும் பெட்டிக்கு ‘நாஸ்’ என்று பெயர். அதை வாங்கியவர் முதற்காரியமாக ஒரு கோப்பை அதற்குள் அனுப்பி, திரையில் ஓடும் வேகத்தைக் கண்டு பூரித்துப்போகிறார்.

அந்தப் பூரிப்பு பெரும்பாலும் அவசரப்பட்டது. கோப்பு சிறியதாயின் பெட்டியின் ராம் நினைவகமே அதை வாங்கிக்கொண்டு, டிஸ்க்கில் எழுதுமுன்பே ‘ஆயிற்று’ என்று சொல்லிவிடுகிறது. ஆகவே 4 கிகாபைட் ராம் உடைய பெட்டியை 1 கிகாபைட் கோப்பால் பரீட்சிப்பது, திண்ணையில் இறக்கிய மூட்டைகளை எண்ணிவிட்டுக் குதிர் நிரம்பியதாகக் கணக்கெழுதுவதற்கு ஒப்பாகும். ராமைவிட இருமடங்கு, மும்மடங்கு பெரிய கோப்பை அனுப்பினால்தான் டிஸ்க்கின் யோக்கியதை தெரியும்.

அடுத்தது கேபிள். விளம்பரக்காரர் பிட்டில் பேசுகிறார், நாமோ பைட்டில் எண்ணுகிறோம்; 1 கிகாபிட் ஈதர்நெட் என்பதை எட்டால் வகுத்தால் விநாடிக்கு 125 மெகாபைட், அதிலும் தகவலோடு கூடவே செல்லும் முகவரி முதலிய தலைப்புகளின் செலவு போகக் கைக்குக் கிடைப்பது ஏறக்குறைய 110. இக்காலத்து டிஸ்க் ஒன்றே 200 மெகாபைட்டை எட்டவல்லது என்பதால், அத்தகைய நான்கை அடுக்கியும் இந்தக் கேபிளில் லாபமில்லை.

ஆனால் அந்த 200, ஒரே பெரிய கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது மட்டுமே சித்திக்கும். நிமிஷத்துக்கு 7200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவிநாடி எடுக்கிறது. வேண்டிய இடம் தட்டைப் படிக்கும் ஊசியின் கீழ் வந்துசேரச் சராசரியாக அரைச் சுற்றும், ஊசி தடம் மாற ஏறத்தாழ எட்டு மில்லிவிநாடியும் ஆகுமாகையால், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிய துணுக்குகளில் விநாடிக்குச் சுமார் 80 மட்டுமே அகப்படும். ஒவ்வொன்றும் 4 கிலோபைட் என்றால் மொத்தம் 320 கிலோபைட்! ஆயிரக்கணக்கான சிறு படங்கள் கிடக்கும் கோப்புறையைத் திறக்கையில் பெட்டி திணறுவதன் மர்மம் இதுவே. டப்பாவின்மேல் இந்த எண்ணை அச்சிடுவோரை நான் கண்டதில்லை.

டிஸ்க் ஒன்று பழுதானாலும் தகவல் அழியாதிருக்கும் ‘ரெய்டு’ ஏற்பாட்டை, 1988-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்னும் மூவர் தங்கள் கட்டுரையில் விளக்கினர். அது தரும் அபயம் இலவசமன்று. ரெய்டு ஐந்தாம் வகையில், சிறு துணுக்கு ஒன்றை மாற்றுவதற்கு இரண்டு முறை படித்து இரண்டு முறை எழுதவேண்டும். 16 டெராபைட் டிஸ்க் ஒன்று பழுதானால், மாற்று டிஸ்க்கில் அனைத்தையும் மீண்டும் எழுதி முடிக்க, 200 மெகாபைட் வேகம் இடையறாது நீடித்தாலும் 22 மணி நேரமாகும்.

எனவே அன்பர்களே, பிள்ளைகளின் படங்களை ஏற்றுவதற்கு முன்பே, ரெய்டு அமைத்த பெட்டியிலிருந்து ஒரு டிஸ்க்கை வேண்டுமென்றே உருவி, வெற்று டிஸ்க் ஒன்றைச் செருகி, அது மீண்டும் எழுதப்படும் வேளையில் ஒரு சினிமாவையும் ஓடவிட்டு, படம் தடைபடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.