சில்லறைச் சத்தத்தில் ஒரு மிஸ்ர சாபு

பெங்களூர்த் தமிழர் சிலர் 'புரோகிரஸிவ் ராக்' இசையைக் கண்டுகொண்ட கதை

டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவனுக்கு இரண்டு சத்தங்கள் தூக்கத்திலும் கேட்கும். ஒன்று, சில்லறை விழும் சத்தம். மற்றொன்று, காகிதம் கிழிபடும் சத்தம். இந்தச் சத்தங்களை வைத்தே ஒரு பாட்டு இருக்கிறது, அது உலகம் முழுக்க விற்றது என்று யாராவது சொன்னால் நம்புவீர்களா?

நானும் நம்பவில்லை. 2014-ம் ஆண்டு. இரவு ஷிப்டு முடிந்து, விடியற்காலையில் வீட்டுக்குப் போகிற வண்டிக்காகப் பிளாட்பாரத்தில் காத்திருந்தேன். பக்கத்தில் எங்கள் பெரிய கிளார்க். ஓய்வு பெற அவருக்குச் சில மாதங்களே பாக்கி. "தம்பி, இதைக் கொஞ்சம் கேளு" என்று சொல்லி, இயர்போனின் ஒரு முனையை என் காதில் வைத்தார்.

சில்லறை குலுங்கியது. காகிதம் கிழிந்தது. கல்லாப்பெட்டி 'கிணிங்' என்றது. மறுபடியும் அதே சத்தங்கள், அதே வரிசையில். பிறகு அதன் மேலேயே கிதார் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"என்னண்ணே, நம்ம கவுண்டரை ரெக்கார்டு பண்ணின மாதிரி இருக்கு!" என்றேன்.

"பாட்டோட பேரே 'மனி'. பணம்னு அர்த்தம். நான் முதல்ல கேட்டப்போ உன்னை மாதிரிதான் முழிச்சேன்" என்று சிரித்தார்.

இங்கிலாந்தின் 'பிங்க் ஃப்ளாய்ட்' குழு 1973 மார்ச்சில் வெளியிட்ட 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' என்ற இசைத்தட்டில் உள்ள பாட்டு அது. எழுதியவர் ராஜர் வாட்டர்ஸ். இன்றைக்குக் கம்ப்யூட்டரில் ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலையை அன்று கையால் செய்தார்கள். காசு, காகிதம், கல்லாப்பெட்டி என்று ஒவ்வொரு சத்தத்தையும் ஒலிநாடாவில் பதிந்து, நாடாவைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி, வளையமாக்கிச் சுழலவிட்டார்கள். சில்லறைச் சத்தத்துக்காக, மண்பாண்டம் செய்யக் களிமண் பிசைகிற பாத்திரம் ஒன்றில் காசுகளைப் போட்டாராம் வாட்டர்ஸ்.

அது என்ன இசை?

கிதாரும் டிரம்ஸும் வைத்துக்கொண்டு இளைஞர்கள் பாடும் ராக் இசை மேனாட்டில் முதலில் மூன்று நிமிடச் சரக்காகத்தான் இருந்தது. 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அவ்வளவுதான் கொள்ளும். நம் பக்கத்திலும் அதே கதைதான். டி.என். ராஜரத்தினம் பிள்ளை மணிக்கணக்கில் வாசிக்கும் தோடி, இசைத்தட்டில் சில நிமிடங்களுக்குள் ஒடுங்க வேண்டியிருந்தது.

பிறகு எல்.பி. தட்டு வந்தது. ஒரு பக்கத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல் இடம் கிடைத்தது. 1960-களின் கடைசியில் இங்கிலாந்துக் குழுக்கள் சில இந்த இடத்தைப் பயன்படுத்திக்கொண்டன. ஒரே பாட்டை விஸ்தாரமாக வளர்த்தார்கள். நடுவில் தாளத்தை மாற்றினார்கள். ஆர்கன், புல்லாங்குழல் எல்லாம் சேர்ந்தன. இதற்குத்தான் 'புரோகிரஸிவ் ராக்' என்று பெயர். 1969 அக்டோபரில் 'கிங் கிரிம்சன்' குழு வெளியிட்ட முதல் தட்டை இதன் தொடக்கம் என்று சொல்பவர்கள் பலர்.

'ஜெத்ரோ டல்' என்று ஒரு குழு. விதை விதைக்கும் கருவியைக் கண்டுபிடித்த பழைய காலத்து இங்கிலாந்துக்காரர் ஒருவரின் பெயரைத் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். அதன் தலைவர் இயன் ஆண்டர்சன் ஒற்றைக் காலில் நின்று புல்லாங்குழல் ஊதுவார். படத்தைப் பார்த்தால் நமக்கு வேணுகோபாலன் நினைவு வரும். நிற்க முடியாமல் ஓடுகிற ரயிலை வைத்து 1971-ல் ஒரு பாட்டுப் போட்டார்கள். 1972-ல் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே பாட்டாக 43 நிமிடத்துக்கு மேல் ஓடும் தட்டை வெளியிட்டார்கள். அதன் உறை என்ன தெரியுமா? 12 பக்கத்தில் அச்சடித்த ஒரு கற்பனை ஊர்ப் பத்திரிகை! செய்தி எழுதிப் பிழைக்கிற எனக்கு அதைக் கேட்டதும் குஷி தாங்கவில்லை.

டிரைவர் வீட்டு இசைத்தட்டு

சரி, ஜோலார்பேட்டையிலிருந்து பிழைக்க வந்த ஒரு தமிழ் கிளார்க்குக்கு இதெல்லாம் எப்படிக் கிடைத்தது? பெரியவர் சொன்னதைச் சொல்கிறேன்.

1980-களின் தொடக்கம். இரவில் சிலோன் ரேடியோவில் தமிழ்ப் பாட்டுத் தேடி முள்ளைத் திருப்பிக்கொண்டிருந்தபோது, வேறு ஏதோ ஸ்டேஷனில் அந்த இசை மாட்டியது. எங்கே முடியும் என்று காத்திருந்தார். முடியவில்லை. முடிந்த பிறகு அறிவிப்பாளர் சொன்ன பெயரைக் காதில் விழுந்தபடி தமிழில் எழுதி வைத்தார்: 'பிங்கு பிளாயிடு'.

சம்பளம் வாங்கிய மறுநாள் கண்டோன்மெண்ட் பக்கம் ஒரு பெரிய கடைக்குப் போய், சீட்டைப் பார்த்து அந்தப் பெயரைப் படித்தார். கடையில் இருந்தவர் காலில் கிடந்த ரப்பர் செருப்பைப் பார்த்தார். "தமிழ்ப் பாட்டெல்லாம் மெஜஸ்டிக் பக்கம் கிடைக்கும்" என்று இங்கிலீஷில் சொன்னார். இவர் கேட்டது பாட்டு. கிடைத்தது வழி. அதற்குப் பிறகு அந்த மாதிரிக் கடைப் படியை அவர் இருபது வருஷம் மிதிக்கவில்லை.

கை கொடுத்தவர் ரயில்வேக்காரர்தான். ஆங்கிலோ இந்தியரான ஓர் இன்ஜின் டிரைவர். ரயில்வே இன்ஸ்டிடியூட்டில் கேரம் ஆடும்போது இவர் அந்தப் பெயரைச் சொல்ல, அவர் ஆடிக்கொண்டிருந்த காயை விட்டுவிட்டு வீட்டுக்கு அழைத்துப் போனார். டம்டம் தொழிற்சாலையில் கிராமபோன் கம்பெனி அச்சடித்த பிங்க் ஃப்ளாய்ட் தட்டுகள் அங்கே வரிசையாக இருந்தன. ஒரு சி-90 கேசட் வாங்கிக் கொடுத்தால் பதிந்து தருவதாகச் சொன்னார். பக்கத்துக்கு 45 நிமிடம், ஒரு பக்கத்துக்கு ஒரு தட்டு என்பது கணக்கு.

கணக்கில் ஒரு சிக்கல். ஒரு பக்கத்தில் பதிந்த 'மெடில்' என்ற 1971-ம் வருஷத் தட்டு 46 நிமிடத்துக்கு மேல் ஓடும். அதன் கடைசிப் பாட்டு 'எக்கோஸ்' மட்டுமே 23 நிமிடம். அது முடியப்போகிற இடத்தில் கேசட் 'டக்' என்று நின்றுவிடும். டிரைவர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போய்விட்டார். தட்டும் போய்விட்டது. பெரியவர் அந்தக் கேசட்டைத்தான் வருஷக்கணக்கில் தேயத் தேயக் கேட்டார். 2000-ம் ஆண்டை ஒட்டி யாரோ சி.டி. கொடுத்தபோதுதான் கடைசி ஒன்றரை நிமிடத்தைக் கேட்டார். காற்று வீசுவது போல, பல குரல்கள் மேலே ஏறிக்கொண்டே போய் மறைவது போல அந்தப் பாட்டு முடியும்.

"இத்தனை வருஷம் அவுட்டர் சிக்னல்ல நின்ன வண்டி, அன்னைக்குத்தான் ஸ்டேஷனுக்குள்ள வந்தது தம்பி" என்றார். பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அதைச் சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்தது.

2002 ஏப்ரல் 7-ந் தேதி ராஜர் வாட்டர்ஸ் பெங்களூர் அரண்மனை மைதானத்தில் கச்சேரி செய்தார். பெரியவர் வீட்டில் சொல்லாமல் டிக்கெட் வாங்கிப் போனார். சுற்றிலும் இங்கிலீஷ். செருப்பைப் பற்றிய பழைய கூச்சம் அங்கேயும் வந்தது. பாட்டுத் தொடங்கியதும் பக்கத்தில் ஒரு குரல், "ஐயோ, இதுக்குத்தானே வந்தோம்!" என்று தமிழில் கேட்டது. திரும்பிப் பார்த்தால், ஸ்ரீராமபுரத்தில் இவர் வீட்டுக்கு மூன்று தெரு தள்ளிக் குடியிருக்கிறவர்! இருபது வருஷமாக ஒரே பேருந்தில் போய் வந்தவர்கள். அவரும் அந்த இசையைத் தனியாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

சித்தப்பா போட்ட கணக்கு

இனி என் கதைக்கு வருகிறேன். பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். பாட்டின் இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் புரிந்தது. 'நமக்கெதற்கு இந்த வேஷம்?' என்று உள்ளுக்குள் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது.

என் சித்தப்பா ஆலைத் தொழிலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். திருவிழாக் காலங்களில் கோயிலில் தவில் வாசிப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்போனில் அந்தப் பாட்டை நான் போட்டிருந்தேன். வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். தொடையில் தட்ட ஆரம்பித்தார்.

"யாருடா இவனுங்க? மிஸ்ரத்துல போறானுங்க!"

"என்ன சித்தப்பா?"

"எண்ணிப் பாரு. தகிட தகதிமி. தகிட தகதிமி. ஏழு. நம்ம மிஸ்ர சாபு கணக்கு."

எண்ணினேன். ஏழுதான். சில்லறையும் காகிதமும் கல்லாவும் ஏழு ஏழாக வந்து விழுந்தன. நடுவில் கிதார்க்காரர் தனியாக வாசிக்கும் இடம் வந்தது. "இப்போ சதுஸ்ரத்துக்கு மாத்திட்டான், நாலு நாலாப் போறான். பாரு, திரும்ப ஏழுக்கு வருவான்" என்றார் சித்தப்பா. வந்தது.

பிறகு ஜெத்ரோ டல்லின் 1969-ம் வருஷப் பாட்டு ஒன்றைப் போட்டேன். கொஞ்சமும் யோசிக்காமல் "இது அஞ்சு. கண்ட சாபு" என்றார். இங்கிலீஷில் கையெழுத்துப் போட மட்டும் தெரிந்த மனிதர். மேனாட்டுக் குழந்தைகள் நாலு நாலாக எண்ணியே வளர்ந்ததால், இந்த ஏழும் ஐந்தும் அங்கே பெரிய புதுமையாகப் பேசப்பட்டன. நம் கோயில் வாசலில் அதைத் தொடையில் தட்டிப் பழகியவர்கள் இருக்கிறார்கள். அன்றைக்கு என் உறுத்தல் போயிற்று.

பெங்களூரைத் தேடி வந்தவர்கள்

இந்தச் சம்பந்தத்தை மேனாட்டுக்காரர்கள் முன்பே மோப்பம் பிடித்துவிட்டார்கள். பெங்களூரில் மிருதங்க வித்துவான் டி.ஏ.எஸ். மணி நடத்திய 'கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்க்கஷன்' என்ற தாளவாத்தியப் பள்ளியைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஜெர்மனியின் 'எம்ப்ரியோ' என்ற ராக் குழு 1978-ல் பஸ்ஸிலேயே புறப்பட்டு, ஆப்கானிஸ்தான் வழியாக இந்தியா வந்தது. இந்தப் பள்ளிக் கலைஞர்களோடு சேர்ந்து வாசித்தது. அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோ, இதே பள்ளியினரோடும் பாடகி ஆர்.ஏ. ரமாமணியோடும் சேர்ந்து 1983-ல் 'ஜோதி' என்ற இசைத்தட்டை வெளியிட்டார்.

சென்னையில் பிறந்த ரமேஷ் ஷோத்தம் கதை இன்னும் ருசியானது. 1970-களில் 'ஹ்யூமன் பாண்டேஜ்' என்ற ராக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர், பிறகு அந்தப் பள்ளியில் சேர்ந்து தவில் கற்றார். அந்தத் தவிலோடு ஜெர்மனிக்குப் போய்க் குடியேறி, பெயர் வாங்கினார்.

இளைஞர்களுக்கு இன்று வழி சுலபம். பெங்களூரில் 2003-ல் தொடங்கிய 'அகம்' குழு, தியாகராஜர் கீர்த்தனையையும் சுவாதித் திருநாளின் தனஸ்ரீ தில்லானாவையும் கிதார், டிரம்ஸோடு வழங்குகிறது. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே பாடத் தொடங்கிய ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் இதன் பாடகர். சன் டி.வி. போட்டியில் வென்று வெளிச்சத்துக்கு வந்து, 2012-ல் முதல் ஆல்பம் வெளியிட்டார்கள். எங்கள் ஆபீஸ் இளைஞர்களில் சிலர் அகத்தைக் கேட்டு, அதன் பிறகு பிங்க் ஃப்ளாய்டுக்குப் போனார்கள். பெரியவர் போன தடத்தில் எதிர்த்திசை வண்டி!

கடைசி நாள்

பெரியவர் ஓய்வு பெற்ற அன்று மாலை, எல்லோரும் சால்வை போட்டு முடித்த பிறகு, என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அந்த சி-90 கேசட்டைக் கையில் கொடுத்தார். உறையில் தமிழில் 'பிங்கு பிளாயிடு' என்று எழுதியிருந்தது. "திருத்திடலாமாண்ணே?" என்று கேட்டேன். "வேண்டாம், அப்படித்தான் எனக்குக் கேட்டது" என்றார்.

என்னிடம் கேசட் போடும் பெட்டி இல்லை. மேஜை அறையில் பத்திரமாக இருக்கிறது. கவுண்டரிலும் இப்போது சில்லறைச் சத்தம் குறைந்துவிட்டது. பாதிப்பேர் செல்போனைக் காட்டிப் பணம் கட்டிவிடுகிறார்கள்.

வாசகர்களே, இங்கிலீஷ் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். வார விடுமுறையில் ஒரு முறை அந்தப் பாட்டைப் போட்டு, விரலை மடக்கி எண்ணிப் பாருங்கள். வீட்டில் தவிலோ மிருதங்கமோ தெரிந்த பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். உங்களுக்கு முன்னால் அவர்கள் ஏழு என்று சொல்லிவிடுவார்கள்.