றேடியோ வாங்குமுன் கேட்கப் பழகுவோம்



1990களில் இங்கே கரண்டும் இல்லை, பற்றரியும் கிடைக்காது. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் செய்தி கேட்டோம். ஆகவே வானொலிப் பெட்டியின் அருமையை நாம் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இப்போது எமது பிள்ளைகள் சிலருக்குக் கேட்பது மட்டும் போதாது, பேசவும் ஆசை. அண்மையில் பளைத் தென்னந்தோட்டத்துத் தம்பி ஒருவர், "ஐயா, கனடாவிலை இருக்கிற மாமா ஒரு வோக்கி டோக்கி அனுப்பிறன் எண்டவர். அமெச்சூர் றேடியோவுக்குச் சரிவருமோ?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதை எல்லோருக்குமாக எழுதுகிறோம்.

அமெச்சூர் வானொலி என்பது வியாபாரம் அல்ல. அனுமதி பெற்ற சாதாரண மனிதர்கள், தமது சொந்தக் கருவியால் வேறு ஊர்களிலும் நாடுகளிலும் உள்ளவர்களோடு பேசிப் பழகுவது. பொழுதுபோக்குத்தான். ஆனால் 2004 டிசெம்பர் 26இல் சுனாமி வந்தபோது அது உயிர் காக்கும் வேலையாயிற்று. அந்தமானில் போர்ட் பிளேயரில் தற்செயலாக முகாமிட்டிருந்த பாரதி பிரசாத் என்ற இந்திய அமெச்சூர் பெண்மணி, தொலைபேசி அறுந்த தீவுகளின் செய்திகளை வெளியே அனுப்பினார். எமது நாட்டில் விக்டர் குணதிலக்கவும் நண்பர்களும் அம்பாந்தோட்டையைச் சிற்றலை மூலம் கொழும்போடு இணைத்தார்கள். மருதங்கேணி, உடுத்துறைப் பக்கம் உறவுகளை இழந்த எமக்கு இதன் பெறுமதி விளங்கும்.

முதலில் அனுமதி. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் பரீட்சையில் சித்தியடைந்தால்தான் அனுமதிப்பத்திரமும் அழைப்புக் குறியும் கிடைக்கும். இலங்கையரின் குறி '4எஸ்' என்று தொடங்கும். கருவியை வெளிநாட்டிலிருந்து எடுப்பதற்கும் முன்கூட்டியே அனுமதி வேண்டும். மாமா அனுப்பிப்போட்டார் என்பதற்காக அதைக் கையில் கொண்டு திரிந்தால் வீண் வில்லங்கம். தம்பிக்கு நாம் முதலாவதாகச் சொன்னது இதைத்தான்.

இரண்டாவது, எந்தக் கருவி? கையடக்கக் கருவியின் சக்தி பெரும்பாலும் 5 வாற்றுக்குள். எமது நிலம் தட்டை; மலை இல்லை. அதனால் அது சில மைல் தூரத்துக்கே பேசும். கொழும்போடு பேச 7 மெகாஹேட்ஸ் அளவிலான சிற்றலைக் கருவி வேண்டும். 100 வாற்றுக் கருவி 12 வோல்ற் கார் பற்றரியில் வேலை செய்யும். பேசும்போது 20 அம்பியர் வரை இழுக்கும். எனவே பற்றரியும் சோலர் தகடும் சேர்த்தே கணக்குப் பாருங்கள். பழைய கருவியானாலும் பரவாயில்லை. தெரிந்தவரைக் கொண்டு சோதித்து வாங்குங்கள்.

அன்ரனாவுக்குக் காசைக் கொட்ட வேண்டாம். பக்கத்துக்கு 33 அடியாக இரண்டு செப்புக் கம்பி, நடுவில் கேபிள், இரண்டு தென்னைக்கு இடையில் 25 அடி உயரம். இவ்வளவு பதிவாகக் கட்டினால் அலை மேலே போய்த் திரும்பி நாடு முழுதும் விழும். தேங்காய் பறிப்பவர் ஏறும் மரத்தில் கட்டாதீர்கள். மின்கம்பிக்குக் கிட்டவும் கொண்டுபோக வேண்டாம். இடி முழங்கினால் கேபிளைக் கழற்றிவிடுங்கள்.

மூன்றாவது, மற்றவருக்கு இடம் கொடுப்பது. பொதுக் கிணற்றில் ஒரே வாளி இருந்தால் ஒருவர் அள்ளும்வரை மற்றவர் நிற்பார் அல்லவா? அலைவரிசையும் அப்படித்தான். இருவர் ஒரே நேரம் பேசினால் இருவர் பேச்சும் விளங்காது. ஆகவே முதலில் கொஞ்ச நேரம் கேளுங்கள். பிறகு, "யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள். ஒருவர் முடித்ததும் மற்றவர் தொடங்குமுன் இரண்டு மூன்று செக்கன் விடுங்கள். ஆபத்தில் இருப்பவர் அந்த இடைவெளியில்தான் கூப்பிட முடியும். 5 வாற்றில் கேட்கிறதென்றால் 100 வாற்று எதற்கு? பாட்டுப் போடுவதும் வியாபாரம் பேசுவதும் கூடாது. பக்கத்து வீட்டு ரீவி இரைந்தால் சண்டைக்குப் போகாமல் உங்கள் கருவியைத் திருத்துங்கள்.

எமது பிராந்தியத்தில் அவசரத் தொடர்புக்கென 7.110, உலகம் முழுவதற்கும் 14.300 மெகாஹேட்ஸ் குறிக்கப்பட்டுள்ளன. அனர்த்த வேளையில் அங்கே வேடிக்கை பார்க்க நுழைந்து பேசினால், ஒரு தாயின் செய்தி போய்ச் சேராமல் விடலாம். அந்த நேரம் வாயை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பதும் உதவிதான்.

தம்பி இப்போது மாமாவிடம், "பொறுங்கோ, முதலிலை சோதினை எழுதிறன்" என்று சொல்லியிருக்கிறார். ஒற்றைப் பக்கப் பேச்சையும் பிடிக்கிற பழைய சிற்றலைப் பெட்டி ஒன்றை இரவல் வாங்கி, பின்னேரங்களில் கேட்டுப் பழகுகிறார். விருப்பமுள்ள பிள்ளைகள் நலன்புரி அலுவலகத்துக்கு வாருங்கள். விண்ணப்பம் நிரப்ப நாம் உதவுவோம்.