குப்பை மேட்டில் எழுந்த வனம்

சுனாபட்டி என்னும் பெயருக்குச் சுண்ணாம்புக் காளவாய் என்பது பொருள். மும்பையின் இப்பகுதிக்கு மேற்கே, தாராவியின் ஓரமாய், மித்தி ஆற்றங்கரையில் மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா அமைந்துள்ளது. 37 ஏக்கர் பரப்புள்ள இந்நிலம் முன்னாளில் நகரின் குப்பை கொட்டுமிடமாக விளங்கியது.

குப்பையின்மேல் மரம் வளர்ப்பது எளிதன்று. காற்றுப் புகாது அழுகும் பொருள்களிலிருந்து மீத்தேன் வாயு எழுகிறது. அது மண்ணிடுக்குகளிலுள்ள பிராணவாயுவை வெளியேற்றிவிடுவதால் வேர்கள் திணறுகின்றன. நிலமும் ஓரிடத்தில் அதிகமாயும் மற்றோரிடத்தில் குறைவாயும் அமிழ்கின்றது. எனவே நல்ல மண்ணைப் பரப்பி, நெடுங்காலம் பொறுத்திருத்தல் அவசியமாகும். 1980களில் நடுகை தொடங்கப்பெற்ற இப்பூங்கா 1994இல்தான் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இன்று அடர்ந்த மரங்களினூடே நடைபாதைகள் செல்கின்றன. பறவைகளும் வண்ணத்துப்பூச்சிகளும் அங்கு மலிந்துள்ளன.

அருகிலுள்ள மாட்டுங்காவில் நிகழ்ந்ததோ இதற்கு நேர்மாறானது. 1896இல் பரவிய பிளேக் நோயை அடுத்து, 1898இல் பம்பாய் நகர அபிவிருத்தி டிரஸ்ட் நிறுவப்பட்டது. அது தாதர், மாட்டுங்கா விஸ்தரிப்பை வகுத்தபோது ஐந்து தோட்டங்களுக்கும் முன்கூட்டியே இடம் ஒதுக்கிற்று. குப்பையைக் கிளறி அவற்றை மீட்கவேண்டிய தொல்லை எவருக்கும் நேரவில்லை.

2034ஆம் ஆண்டு வரைக்குமான மும்பை அபிவிருத்தித் திட்டம் 2018இல் அங்கீகாரம் பெற்றது. வரைபடத்தில் பச்சை வண்ணம் தீட்டிய மாத்திரத்தில் பூங்கா உண்டாகிவிடாது. வெறுமனே கிடக்கும் நிலத்தில், வேறு போக்கிடமற்றோர் குடிசை அமைப்பது இயல்பே. பின்னர் அவர்களை அகற்றுதல் எளிதுமன்று, நியாயமுமன்று. ஒதுக்கிய இடத்திற்கு வேண்டிய வேலியும், கன்றுகளும், தோட்டக்காரரின் சம்பளமும் அவ்வாண்டின் வரவுசெலவுத் திட்டத்திலேயே இடம்பெறுதல் வேண்டும்.